பல்கலைக்கழகத்தில் பசி: படிப்புச் செலவில் சேராத சாப்பாடு

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களில் நான்கில் ஒருவருக்குப் போதிய உணவு கிடைப்பதில்லை என்று ஒரு செய்தி சொல்கிறது. பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்கிறது இன்னொன்று. படிப்பவருக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். எந்த எண்ணை நம்புவது? அப்புறம், கட்டணம் கட்டிப் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டவருக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

இரண்டாவது கேள்வியைச் சாதாரண சந்தேகம் என்று ஒதுக்கிவிட முடியாது. "படிக்க வந்தவர் என்றால் வீட்டில் வசதி இருக்கும்" என்ற எண்ணம் பொது மக்களிடம் மட்டும் இல்லை, அரசு உதவித் திட்டங்களின் விதிகளிலும் இருக்கிறது. மாணவர் பசி இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்கு அந்த எண்ணமே முக்கியக் காரணம்.

## பசி வேறு, உணவுப் பாதுகாப்பின்மை வேறு

பசி உடம்பில் தெரிவது. உணவுப் பாதுகாப்பின்மை ஒருவரது வாழ்க்கை நிலை. 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாடு உணவுப் பாதுகாப்பை இப்படி வரையறுத்தது: எல்லா மக்களுக்கும், எல்லா நேரத்திலும், சுறுசுறுப்பான, ஆரோக்கியமான வாழ்க்கைக்குத் தேவையான போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு கைக்கெட்டும் இடத்திலும் வாங்கக்கூடிய விலையிலும் இருக்க வேண்டும். இதில் 'எல்லா நேரத்திலும்' என்பதைக் கவனிக்க வேண்டும். மாதத்தின் முதல் மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி வாரம் தண்ணீர் குடித்துச் சமாளிப்பவரும் இந்த வரையறைப்படி பாதுகாப்பில்லாதவர்தான்.

இதை அளக்க நிலைத்த கேள்வித் தொகுப்புகள் இருக்கின்றன. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பயன்படுத்தும் அளவுகோலில் எட்டுக் கேள்விகள். பணமில்லாமல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டீர்களா என்று தொடங்கி, சத்தான உணவு கிடைக்காமல் போனதா, ஒரே மாதிரி உணவையே சாப்பிட நேர்ந்ததா, ஒரு வேளையை விட்டீர்களா என்று படிப்படியாக ஏறி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். இந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதலில் கவலை வருகிறது, பிறகு தரம் குறைகிறது, அதற்கும் பிறகுதான் அளவு குறைகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கடைசிக் கட்டம் மட்டுமே தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. வயிறு நிறைந்தால் போதும் என்று மலிவான மாவுப் பொருளையும் எண்ணெய்ப் பண்டங்களையும் நம்பியிருப்பவரின் எடை குறையாது, கூடவும் செய்யலாம்.

அமெரிக்க வேளாண் துறை இதே போன்ற கேள்விகளை வைத்து மக்களை நான்கு நிலைகளில் பிரிக்கிறது: உயர் பாதுகாப்பு, விளிம்பு நிலை, குறைந்த பாதுகாப்பு, மிகக் குறைந்த பாதுகாப்பு. 2006 முதல் இந்தப் பெயர்களே வழக்கில் உள்ளன. கடைசி இரண்டு நிலைகளில் இருப்பவர்கள் உணவுப் பாதுகாப்பற்றவர்களாகக் கணக்கில் வருவார்கள். ஆக, செய்தியில் "பாதிப் பேர்" என்று வந்தால் பாதிப் பேர் பட்டினி என்று பொருளில்லை. பட்டினி இல்லை என்பதால் பிரச்சினையே இல்லை என்றும் பொருளில்லை.

## எண்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன

ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள மாணவர்களில் 21% பேர் உணவுப் பாதுகாப்பற்றவர்கள் என்று காட்டியது. அதன் பிறகு ஆய்வுகள் பெருகின. 2018 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 31 ஆய்வுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. விகிதம் 9% முதல் 50%-க்கு மேல் வரை சிதறிக் கிடந்தது. அவற்றில் 22 ஆய்வுகள் 30%-க்கு மேல் காட்டின. ஆனால் எதுவும் நாடு முழுவதையும் பிரதிநிதித்துவப்படுத்தும் ஆய்வு இல்லை.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் மோசடி எதுவும் கிடையாது, அளக்கும் முறைதான் காரணம்:

1. ஆய்வுகள் பெரும்பாலும் மின்னஞ்சலில் அனுப்பும் கேள்விகள். பதில் தருபவர்கள் குறைவு. பிரச்சினையை அனுபவிப்பவர்கள் கூடுதலாகப் பதில் தரலாம். நேரமே இல்லாமல் வேலைக்கு ஓடுபவர்கள் பதில் தராமலே போகலாம். பிழை எந்தப் பக்கமும் சாயும்.

2. சில ஆய்வுகள் கடந்த 30 நாட்களைக் கேட்கின்றன, சில கடந்த 12 மாதங்களை. காலம் நீண்டால் "ஆம்" என்ற பதிலும் கூடும்.

3. விடுதியில் முழு உணவுத் திட்டத்தோடு தங்கியவர்கள் நிறைந்த வளாகமும், வேலை பார்த்துக்கொண்டே மாலையில் வந்து படிப்பவர்கள் நிறைந்த கல்லூரியும் ஒன்றல்ல.

பிறகு அமெரிக்கக் கல்வித் துறை நாடு தழுவிய தனது மாணவர் கணக்கெடுப்பில் இந்தக் கேள்விகளைச் சேர்த்தது. 2020-க்கான அந்தத் தரவை ஆராய்ந்து ஜிஏஓ 2024-இல் சொன்னது: 23% மாணவர்கள், அதாவது சுமார் 38 லட்சம் பேர், உணவுப் பாதுகாப்பற்றவர்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் மிகக் குறைந்த பாதுகாப்பு நிலையில் இருந்தார்கள், அதாவது சாப்பாட்டின் அளவைக் குறைத்தோ வேளையை விட்டோ சமாளித்தவர்கள். முன்பு வந்த பல எண்களைவிட 23% குறைவுதான். ஆனாலும் ஒரு நாட்டின் உயர்கல்வியில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் என்பதைச் சிறியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

## கட்டணம் கட்ட முடிந்தவருக்கு ஏன் சாப்பாடு இல்லை

பள்ளி முடித்த கையோடு வந்து சேரும் 18 வயதுப் பிள்ளை, பின்னால் செலவைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர். மாணவர் என்றதும் மனதில் வரும் இந்தப் படம் பழையது. 2016-இல் அமெரிக்க இளநிலை மாணவர்களில் 71% பேர் ஏதோ ஒரு வகையில் இந்தப் படத்துக்குள் அடங்காதவர்கள்: பெற்றோரைச் சாராதவர்கள், முழுநேர வேலை பார்ப்பவர்கள், பகுதிநேரமாகப் படிப்பவர்கள், படிப்பைத் தள்ளிப்போட்டுப் பிறகு சேர்ந்தவர்கள், தங்கள் குழந்தைகளையும் பார்த்துக்கொள்பவர்கள். குறைந்த வருமானக் குடும்பத்தினர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், தனியாகக் குழந்தை வளர்ப்பவர்கள், ஊனமுற்றோர், காப்பகங்களில் வளர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். உயர்கல்வியின் கதவு இவர்களுக்குத் திறந்தது பெரிய சாதனை. கதவைத் திறந்தவர்கள் உள்ளே வருகிறவர் என்ன சாப்பிடுவார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது அந்த மாணவரின் மாதக் கணக்கைப் பார்ப்போம். கட்டணம் கட்டாவிட்டால் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியாது. வாடகை தராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். பயணச் செலவு இல்லாவிட்டால் வகுப்புக்கே போக முடியாது. இவை எல்லாவற்றுக்கும் தேதி உண்டு, கேட்பதற்கு ஆள் உண்டு, தவறினால் தண்டனை உண்டு. சாப்பாட்டைக் குறைத்தால் யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் குறைக்கக்கூடிய ஒரே செலவு அதுதான். ஆகவே எந்தச் செலவு கூடினாலும் கடைசியில் அடி விழுவது தட்டில். வாடகை உயர்ந்தால் அது மாணவர் பசியாக வெளிப்படும். புத்தக விலை உயர்ந்தாலும் அப்படித்தான்.

இதோடு காலக் குழப்பமும் சேர்கிறது. உதவித்தொகை பல இடங்களில் செமஸ்டருக்கு ஒரு முறை மொத்தமாக வரும், அதுவும் வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து வரும். செலவோ தினசரி. தொடக்கத்தில் காத்திருக்கும் வாரங்களும், முடிவில் கை காலியான வாரங்களும் பசியின் காலம். தேர்வு நடப்பது இந்த இரண்டாவது காலத்தில் என்பது கொடுமை. விடுமுறையில் வளாக கேன்டீன் மூடினால், போக வேறு வீடு இல்லாதவர் என்ன செய்வார்? ஊதியமில்லாத கட்டாயப் பயிற்சிக்குப் போக வேண்டிய செவிலியர், ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் அந்த மாதங்களில் பகுதிநேர வேலையை விட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்கள் நிலை இன்னும் இறுக்கமானது. விசா விதி வேலை நேரத்துக்கு வரம்பு போடும், பொது உதவித் திட்டங்கள் பெரும்பாலும் அவர்களைச் சேர்ப்பதில்லை.

சமைக்கத் தெரிந்தால் சரியாகிவிடும், சிக்கனமாக இருந்தால் போதும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அடுப்பும் குளிர்பெட்டியும் இல்லாத அறையில், வகுப்புக்கும் வேலைக்கும் இடையே ஓடுபவரிடம் அதைச் சொல்வதில் பயனில்லை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது உண்மைதான், மொத்தமாக வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும்.

## படிப்பை எப்படி அரிக்கிறது

ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் பசித்தவருக்கு அறிவு மங்கிவிடுமா? இதற்குக் கொஞ்சம் நிதானமான பதில் தேவை.

1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் தலைமையில் ஒரு பரிசோதனை நடந்தது. தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டார்கள். எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். எதிலும் கவனம் நிற்கவில்லை, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, நண்பர்களோடு பழகும் விருப்பமும் போய்விட்டது என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் பெரிய சரிவு தெரியவில்லை. மாணவர்களைப் புரிந்துகொள்ள இந்தக் கண்டுபிடிப்பு மிகவும் உதவுகிறது. பசித்த மாணவரின் திறமை எங்கும் போவதில்லை. அதைப் பயன்படுத்தத் தேவையான கவனமும் மனமும்தான் போகின்றன. ஆசிரியர் பார்வைக்கு அது சோம்பலாகவோ அக்கறையின்மையாகவோ தெரியும்.

இதன் விளைவு பட்டம் பெறுவது வரை நீள்கிறது. அமெரிக்கக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஒரு தேசியத் தரவை வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, படிக்கும் காலத்தில் உணவுப் பாதுகாப்பற்ற வீடுகளில் இருந்தவர்களில் 44% பேரே பட்டம் முடித்திருந்தார்கள். மற்றவர்களில் 68% பேர் முடித்திருந்தார்கள். இந்த இடைவெளி முழுவதையும் பசியின் தலையில் கட்ட முடியாது. வறுமை பசியையும் தருகிறது, வேறு பல தடைகளையும் தருகிறது. பின்னணி வேறுபாடுகளைக் கழித்த பிறகும் தொடர்பு மறையவில்லை என்பதுதான் ஆய்வு சொல்வது.

நடைமுறையில் சங்கிலி இப்படி ஓடுகிறது:

1. சாப்பாட்டுக்காக வேலை நேரத்தைக் கூட்டுகிறார்.
2. வகுப்புகள் தவறுகின்றன, தூக்கம் குறைகிறது.
3. சமாளிக்க ஒன்றிரண்டு பாடங்களைக் கைவிடுகிறார்.
4. பாட எண்ணிக்கையோ மதிப்பெண்ணோ குறைந்ததால் உதவித்தொகை குறைகிறது அல்லது நின்றே போகிறது.
5. சாப்பாட்டுக்கு இருந்த பணமும் போகிறது.

நான்காவது படியைக் கவனியுங்கள். முதல் மூன்றும் மாணவரின் நெருக்கடி. நான்காவது நிர்வாகம் எழுதிய விதி. மாற்றக்கூடியது.

## இதுவரை செய்து பார்த்தவை

முதலில் வருவது வளாக உணவு வங்கி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993-இலேயே மாணவர்கள் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கின்றன. நன்கொடையாக வந்த அரிசி, டின் உணவு, காய்கறி ஆகியவற்றை மாணவர் வந்து எடுத்துப் போகலாம். விரைவாகத் தொடங்கலாம், இன்று இரவு சாப்பாடு இல்லாதவருக்கு இன்று இரவே உதவும். இதை நடத்தும் தன்னார்வலர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதன் எல்லையும் தெளிவு. நன்கொடையில் என்ன வருகிறதோ அதுதான் கிடைக்கும். சமைக்க வசதி இல்லாதவருக்கு அரிசி மூட்டையால் பயன் குறைவு. வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த மாதமும் அதே மாணவர் அதே வரிசையில் நிற்பார்.

அடுத்தது, மீந்த உணவு வேளைகளைப் பகிர்வது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 2010-இல் தொடங்கிய 'ஸ்வைப் அவுட் ஹங்கர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உணவுத் திட்டத்துக்கு முன்பணம் கட்டிய மாணவர் தான் சாப்பிடாத வேளைகளை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். பெறுபவர் எல்லோரையும் போல அட்டையைத் தேய்த்து அதே உணவகத்தில் சாப்பிடுகிறார். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று மேஜையில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, அரசின் பொது உணவு உதவி. விதிகள் எப்படி மாணவரை வெளியே தள்ளுகின்றன என்பது குறைந்த வருமானத்தினர் உணவுப் பொருள் வாங்க உதவும் அமெரிக்காவின் ஸ்நாப் திட்டத்தில் தெளிவாகத் தெரியும். குறைந்தது பாதி நேரப் படிப்பிலாவது சேர்ந்த 18 முதல் 49 வயது வரையிலான மாணவர், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒரு விதிவிலக்குக்குள் வந்தால்தான் உதவி பெறலாம். வாரம் சராசரியாக 20 மணி நேரம் ஊதிய வேலை, சிறு குழந்தையைப் பராமரித்தல் போன்றவை அந்த விதிவிலக்குகள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் உதவியை வாங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் வந்த விதி இது. அதன் விளைவு? உணவுப் பாதுகாப்பற்ற மாணவர்களில் ஐந்தில் இருவருக்கும் குறைவானவர்களே தகுதி பெறக்கூடியவர்கள் என்று 2020 தரவு காட்டியது. தகுதி பெறக்கூடியவர்களிலும் 59% பேர் உதவியைப் பெறவில்லை. விதி சிக்கலாக இருந்தால் தகுதியில்லாதவரோடு தகுதியுள்ளவரும் விலகிப்போகிறார். கொரோனா காலத்தில் இந்த விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. 2023-இல் தளர்வு முடிந்து பழைய நிலை திரும்பியது.

நான்காவது வழி, மாணவர் உணவையே பொதுச் செலவாக ஏற்பது. பின்லாந்தில் 1979 முதல் உயர்கல்வி மாணவர்களின் உணவுக்கு அரசு மானியம் தருகிறது. பணம் உணவகத்துக்குப் போய்விடும், மாணவர் அட்டையைக் காட்டிக் குறைந்த விலையில் சாப்பிடுவார். சத்து அளவுக்கும் நெறிமுறை உண்டு. பிரான்சில் க்ரூஸ் என்ற பொது அமைப்பு மாணவர் உணவகங்களை நடத்துகிறது. அங்கே 2020-இல் உதவித்தொகை பெறுபவர்களுக்கு ஒரு யூரோ உணவு வந்தது. 2021 ஜனவரியில், பெருந்தொற்று நெருக்கடியில், அதை எல்லா மாணவருக்கும் விரித்தார்கள். பின்னர் அதே ஆண்டில் மறுபடி வசதி குறைந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். தென் கொரியாவில் அரசு 2017 முதல் ஆயிரம் வோன் காலை உணவுத் திட்டத்துக்கு நிதி தருகிறது. மாணவர் ஆயிரம் வோன் கொடுத்தால் மீதியை அரசும் பல்கலைக்கழகமும் ஏற்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-இல் வேறொரு பாதையில் போனது. 'நோ ஸ்டூடன்ட் ஹங்ரி' என்ற பெயரில், தேவையுள்ள மாணவர்களுக்கு உணவுக்கென்றே தனி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. சாப்பாட்டுக்கு உதவி கேட்பதைக் கல்வி உதவித்தொகை கேட்பது போன்ற சாதாரண காரியமாக இது ஆக்குகிறது.

## எல்லோருக்குமா, தேவையானவர்களுக்கு மட்டுமா

இதுதான் உண்மையான வாதம். எல்லோருக்கும் மானியம் கொடுத்தால் வசதியானவரும் சேர்ந்து அனுபவிப்பார், அந்தப் பணத்தை ஏழை மாணவருக்கு மட்டும் கொடுத்தால் கூடுதலாகக் கொடுக்கலாமே என்கிறது ஒரு தரப்பு. நிதி சுருங்கிய இடங்களில் இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது.

ஆனால் தேவையைச் சோதிக்கும் முறைக்கும் ஒரு விலை உண்டு. பெற்றோரின் வருமானச் சான்று கேட்டால், வீட்டோடு உறவு அறுந்த மாணவர் எங்கிருந்து கொண்டுவருவார்? கடந்த ஆண்டு வருமானத்தைப் பார்த்தால், போன மாதம் வேலை போன அப்பா அதில் தெரிய மாட்டார். அதைவிடப் பெரிய தடை கூச்சம். நண்பர்கள் பார்ப்பார்கள், ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், என்னைவிடக் கஷ்டப்படுகிறவர் இருப்பாரே என்று நினைத்தே பலர் கேட்காமல் இருக்கிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படித்து முன்னேறியதாகச் சொல்லும் வெற்றிக் கதைகளும் இந்தத் தயக்கத்தை வளர்க்கின்றன. அப்படிப் படித்துப் பாதியில் நின்றுபோனவர்களின் கதையைச் சொல்ல மேடை கிடைப்பதில்லை.

என் பார்வையில் இரண்டையும் சேர்த்துச் செய்வதே சரி. ஒரு வேளை நல்ல உணவு எல்லோருக்கும் மலிவாகக் கிடைக்கட்டும். அதற்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு உதவி அதே மாணவர் அட்டையிலேயே ஏறட்டும். வரிசையும் தட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடிப்படையில், கட்டணம், புத்தகம், ஆய்வகம் போல உணவும் படிப்புச் செலவின் பகுதி என்று உதவித்தொகைக் கணக்கிலேயே எழுத வேண்டும், அந்தத் தொகையை இன்றைய விலைவாசியில் போட வேண்டும்.

## ஒரு திட்டத்தை எப்படி எடைபோடுவது

உங்கள் பல்கலைக்கழகமோ அரசோ மாணவர் பசிக்கு ஒரு திட்டம் அறிவித்தால், திறப்பு விழாப் படத்தைத் தாண்டிச் சில விஷயங்களைக் கேளுங்கள்.

1. முதலில் அளந்தார்களா? நிலைத்த கேள்வித் தொகுப்பை வைத்து, பெயர் கேட்காமல், ஆண்டுதோறும் அளந்தால்தான் திட்டம் வேலை செய்கிறதா என்று தெரியும். எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்பது செய்த வேலையின் கணக்கு. பசி எவ்வளவு குறைந்தது என்பது வேறு கணக்கு.

2. உதவித்தொகை என்றைக்குக் கைக்கு வருகிறது? செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு பகுதியையும் மீதியை மாதாமாதமும் கொடுப்பதற்குக் கூடுதல் நிதி அநேகமாகத் தேவையில்லை, நிர்வாகம் மனம் வைத்தால் போதும். பல வளாகங்களில் பசியான வாரங்கள் இந்த ஒரு மாற்றத்தாலேயே குறையும்.

3. இருக்கும் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க உதவ ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? துண்டுப் பிரசுரம் போதாது. படிவத்தை உடனிருந்து நிரப்பித் தருபவர் வேண்டும்.

4. பாடம் குறைந்தால் உதவித்தொகை தானாக நிற்கும் விதியில், நெருக்கடியில் இருப்பவருக்கு ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா?

5. யாருக்குப் பொருந்தாது? வெளிநாட்டு மாணவர், பகுதிநேர மாணவர், ஆராய்ச்சி மாணவர், குழந்தையோடு இருப்பவர் ஆகியோரை விட்டுவிட்டால், அதிகம் பாதிக்கப்பட்டவர்களையே விட்டதாக ஆகும்.

6. விடுமுறையிலும் தேர்வுக்கு முந்தைய வாரங்களிலும் திறந்திருக்குமா? கேன்டீன் கதவில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைக் கல்வி நாள்காட்டியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இதற்கு விடை தெரிந்துவிடும்.